வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்

சின்னக் கடைக்காரர்களுக்கு வாங்காமல் போகிறவர்கள் மேல் கோபம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நிறையப் பேர் கடைக்குள் வந்து, நாலைந்து துணியை எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லச் சங்கடப்பட்டு, "ஏடிஎம் போயிட்டு வந்துடறேன்", "வெளியில வீட்டுக்காரர் வண்டியோட நிக்கிறார், ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன், எடுத்து வைங்க" என்று எதையாவது சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். கடைக்காரர் அதை நம்புகிறார். அந்தத் துணியைத் தனியாக எடுத்து வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் வேறு ஒருவர் வந்து அதே கலரைக் கேட்கும்போது, துணிக்கட்டில் மிச்சம் இருப்பதே அந்த ஒரு மீட்டர்தான் என்பதால், "அது ஒருத்தங்களுக்கு எடுத்து வச்சதும்மா" என்று அவரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார். முதலில் வந்தவர் வரவே மாட்டார். இரண்டாவதாக வந்தவர் அடுத்த கடையில் வாங்கியிருப்பார். "கலர் சரியா அமையல, வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

அம்மா மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். திருச்சியில், தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை, நாடா, ஹூக், நூல்கண்டு, லேஸ், பட்டன், இவ்வளவுதான் சரக்கு. அம்மாவும், பல வருஷமாகக் கூடவே இருக்கிற ஒரு அக்காவும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் வேறு வேலையில் இருந்தாலும் சனி, ஞாயிறும் பண்டிகை சமயமும் கடையில்தான் இருப்பேன். மேட்சிங் சென்டர் என்பது புடவைக்கடை மாதிரி அல்ல. புடவைக்கடையில் நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். இங்கே வருகிறவர் கையில் ஏற்கெனவே ஒரு புடவை இருக்கும், அதற்குப் பொருந்துகிற ஒரே ஒரு நிறத்தை எங்கள் அலமாரியில் அடுக்கியிருக்கும் அத்தனை கட்டுக்குள்ளிருந்தும் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் ஒருவருக்கு ஆகும் நேரம் அதிகம், கிடைக்கும் லாபம் சின்னது. லைனிங் ஒரு மீட்டர் ஐம்பது அறுபது ரூபாய்க்குப் போனால் அதில் பத்து ரூபாய் நின்றாலே பெரிது. வாடகை, கரண்டு, அக்காவின் சம்பளம் எல்லாம் அந்தப் பத்து பத்து ரூபாயிலிருந்துதான் வர வேண்டும்.

நிறம் பார்க்கிற வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

அரக்கு, மெரூன், பாக்கு கலர் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ராமர் பச்சை, கிளிப்பச்சை, மாந்துளிர், மயில் கழுத்து, வாடாமல்லி, கத்திரிப்பூ, வெங்காய கலர், சந்தனம் என்று பெயர்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் ஒரே பெயரில் அம்மாவிடம் ஏழெட்டு கட்டு இருக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய காஞ்சிப் பட்டால் பெயர் வாங்கிய எம்.எஸ். ப்ளூவைக் கேட்டு வருகிறவர்களில் இரண்டு பேர் மனசில் இருக்கிற நீலம் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. பட்டுப்புடவை என்றால் இன்னும் கஷ்டம், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறமாகவும் குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு நிறமாகவும் இருக்கும், புடவையை இப்படித் திருப்பினால் பச்சை, அப்படித் திருப்பினால் நீலம். எந்தப் பக்கத்துக்கு ரவிக்கை எடுப்பது? அது கட்டுகிறவரின் விருப்பம். அதை அவர் சொன்னால்தான் துணிக்கட்டை இறக்கவே ஆரம்பிக்க முடியும்.

அப்புறம் வெளிச்சம். கடைக்குள் ட்யூப்லைட்டில் பார்த்தால் இரண்டு துணியும் ஒன்றாகத் தெரியும். அதையே தெருவில் வெயிலுக்குக் கொண்டுபோனால் ஒன்றில் சிவப்பு ஓடும், ஒன்றில் நீலம் ஓடும். அதனால் அம்மா ஒரு கையில் புடவை முந்தானையையும் இன்னொரு கையில் துணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு வாசல்படி இறங்கி, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்று பார்த்துவிட்டு வருவார். மூட்டு வலி இருக்கிறது, ஆனாலும் இறங்குவார். அந்த நேரம் கல்லாவில் ஆள் இருக்காது, உள்ளே நிற்கிற மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஒரு ரவிக்கைத் துணிக்கு இப்படி மூன்று தடவை இறங்கி ஏறிய பிறகு, "இல்லம்மா, இந்தக் கலர் எங்கிட்ட இல்ல, ரெண்டு கடை தள்ளிக் கேட்டுப் பாரு" என்று அவரே சொல்லி அனுப்புவதும் உண்டு. அப்போது அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. தேடியும் அமையவில்லை என்பது இந்தத் தொழிலில் தினம் நடக்கிற விஷயம்.

வருத்தம் வருவது வேறு இடத்தில். புடவையே கொண்டுவராமல், ராத்திரி படுக்கையறை லைட்டில் எடுத்த போட்டோவைக் காட்டி இதற்கு மேட்ச் வேண்டும் என்பார்கள். போனில் தெரிகிற நிறத்துக்கும் புடவைக்கும் சம்பந்தமே இருக்காது. அம்மா அதைச் சொன்னால், "பரவாயில்ல, சுமாரா குடுங்க" என்று வாங்கிப் போய், மறுநாள் வந்து "நீங்க குடுத்தது சேரவே இல்ல" என்பார்கள். இதில் யாரைக் குறை சொல்வது? புடவையைக் கொண்டு வாருங்கள். குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டு வந்தால் போதாது, ஓரத்து நிறமும் உடல் நிறமும் பல புடவைகளில் வேறு வேறு. முழுப் புடவையும் பாரமாக இருக்கிறது என்றால், அதே துணியில் வந்த ஒட்டு ரவிக்கைத் துணியை வெட்டி வைத்திருந்தால் அதையாவது கொண்டு வாருங்கள், ஆனால் அதன் நிறம் உடலோடு ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பார்டருக்கு மேட்ச் வேண்டுமா, உடலுக்கா, இல்லை கான்ட்ராஸ்ட்டா என்று முடிவு செய்திருந்தால் சொல்லுங்கள். முடிவு செய்யவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். "எனக்கே தெரியல, நீங்க ரெண்டு மூணு காட்டுங்க" என்றால் அம்மாவுக்கு உற்சாகம்தான், அவர் கண் ரொம்ப நல்ல கண். எவ்வளவுக்குள் வேண்டும் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லலாம். நூறு ரூபாய்க்குள் என்று தெரிந்தால் டூ பை டூ என்கிற சாதா ரவிக்கைத் துணியோடு நிறுத்திக்கொள்வார். அது தெரியாமல் ப்ரோகேடும் கலம்காரியும் எடுத்துப் போட்டு, கடைசியில் விலையைக் கேட்டு முகம் சுருங்கி, இரண்டு பேருக்குமே சங்கடமாகிவிடும்.

கூட்டமாக இருக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். துணி அளப்பவர் இரும்பு மீட்டர் கோலை வைத்து அளந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கையை நீட்டி, "ஒரே ஒரு ஃபால்ஸ்தான், எடுத்துக் குடுத்துடுங்க" என்று கேட்காதீர்கள். அவர் அப்போது எண்ணிக்கொண்டிருக்கிறார். நாலாவது மீட்டரா ஐந்தாவது மீட்டரா என்று ஒரு நொடி தடுமாறினால், கத்தரி ஓடிய பிறகு ஒட்ட வைக்க முடியாது. கூடுதலாகப் போனால் கடைக்கு நஷ்டம், குறைந்து போனால் ஒரு மீட்டர் குறைகிறது என்று வாங்கினவரோடு சண்டை. கத்தரி கீழே வைக்கப்படும் வரை பொறுங்கள். நியாயமாக ஒரு நிமிஷம்தான் ஆகும்.

வெட்டுவதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். விலையைக் கேட்கலாம், குறைக்கச் சொல்லலாம், வேண்டாம் என்று எழுந்து போகலாம். வெட்டிய பிறகு எதுவும் முடியாது. எண்பது சென்டிமீட்டராக வெட்டிய வாடாமல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்தால் அதை யாருக்கு விற்பது? கல்லாவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கிறது. இப்படித் திரும்பி வந்தவையும் கட்டின் கடைசித் துண்டுகளும் அதில் கிடக்கும். ஆடி மாதம் அதைக் கடை வாசலில் வைத்துப் பாதி விலைக்கும் அதற்குக் கீழும் கொடுப்போம். அந்தக் கூடை நிறைவது அத்தனையும் அம்மாவின் கைக்காசு. பெரிய கடைகளுக்கு மில்லுக்காரர்கள் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களோ என்னவோ, ஈரோட்டுச் சந்தையிலிருந்து பார்சல் போட்டு வரவழைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வெட்டிய துணியை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் அம்மா கத்தரியை வைக்கும் முன் ஒவ்வொருவரிடமும் "வெட்டட்டுமா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் போனில் பேசிக்கொண்டே தலையாட்டாதீர்கள். போனை ஒரு நிமிஷம் இறக்கிவிட்டு, துணியைப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லுங்கள்.

பேரம் பேசுவதைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. சின்னக் கடையில் பேரமே பேசக்கூடாது, பாவம் என்று ஒரு கட்சி. எனக்கு அது பிடிக்காது. கடைக்காரர் யாருடைய பாவத்தையும் கேட்கவில்லை, வியாபாரம் செய்கிறார். பேசுங்கள். பத்து ரவிக்கைத் துணி மொத்தமாக எடுக்கிறீர்கள், கல்யாண வீடு, தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள், அம்மாவே குறைத்துப் போடுவார். நூற்று நாற்பத்தேழு ரூபாயை நூற்று நாற்பதாகக் கேட்டால் அதுவும் வழக்கம்தான். ஆனால் ஒரு விலை பேசி, சரி என்று சொல்லி, வெட்டி, மடித்து, கட்டி, கையில் கொடுத்த பிறகு நூறு ரூபாயை நீட்டி "அவ்வளவுதான் இருக்கு" என்பது பேரம் இல்லை. அதைச் செய்கிறவர்கள் வசதி இல்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் முன்கூட்டியே "அக்கா, எங்கிட்ட எண்பதுதான் இருக்கு" என்று சொல்லிவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

காலையில் முதல் போணி என்று ஒரு விஷயம் இருக்கிறது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, தெருவில் எல்லாக் கடையிலும் அதை மதிக்கிறார்கள். கடை திறந்து, தண்ணீர் தெளித்து, ஊதுவத்தி ஏற்றிய கையோடு வருகிற முதல் ஆள் கடன் கேட்பதோ, நேற்று வாங்கியதைத் திருப்பிக் கொண்டு வருவதோ கடைக்காரரின் நாளையே கெடுத்துவிடும். திருப்பித் தரத்தான் வேண்டும் என்றால் பதினோரு மணிக்கு மேல் வாருங்கள். இருபது ரூபாய் சாமானுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டையும் அந்த நேரத்தில் நீட்டாதீர்கள், கல்லாவில் சில்லறை இருக்காது. வேறு நோட்டு இல்லை என்றால், சாமானை எடுக்கச் சொல்வதற்கு முன்பே "ஐந்நூறுதான் இருக்கு, சில்லறை இருக்குமா?" என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது பாதிப் பேர் போனிலேயே கொடுத்துவிடுகிறார்கள், அதனால் சில்லறைப் பிரச்சினை முன்னைப் போல் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யூபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை, ஆகவே பத்து ரூபாய் ஊசிப் பாக்கெட்டுக்குக் கூட ஸ்கேன் பண்ணத் தயங்க வேண்டியதில்லை. எங்களுக்கு அதில் செலவு என்றால், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற சவுண்டு பாக்ஸின் மாத வாடகைதான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெட்டி பேசும் வரை நில்லுங்கள். பணம் அனுப்பியது போலவே திரையில் காட்டுகிற போலிச் செயலிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, பல கடைகள் அதில் ஏமாந்திருக்கின்றன. கூட்டத்தில் போனை ஒரு விநாடி தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறவர்களை அம்மா கூப்பிட்டு நிறுத்தினால், "என்னைப் பார்த்தா ஏமாத்தறவ மாதிரி இருக்கா?" என்று கோபப்படுகிறார்கள். அவர் உங்களைச் சந்தேகப்படவில்லை. யாராக இருந்தாலும் அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அவருக்குக் கணக்கு முடியும்.

பத்து ரூபாய் நாணயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் பக்கத்தில் இன்னமும் அதைக் கொடுத்தால், "இது செல்லாதே, நோட்டா குடுங்க" என்று திருப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிக்கை விட்டுவிட்டது. ரூபாய்க் குறி இருந்தாலும் செல்லும், இல்லாவிட்டாலும் செல்லும். ஒருவர் தருவதை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், அடுத்தவருக்குக் கொடுத்தால் அவர் வாங்குவதில்லை, ஆக எல்லாம் கல்லாவிலேயே தங்குகிறது. அதைப் பையில் கட்டிக்கொண்டு வங்கியில் வரிசையில் நிற்பதற்கு, கடையை மூடிவிட்டுப் போக வேண்டும். தயவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடன் விஷயத்தில் அம்மாவைப் பற்றி எல்லோரும் தப்பாக நினைக்கிறார்கள். "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று கல்லாவுக்கு மேல் ஒட்டியிருக்கிறாரே தவிர, கல்லாவுக்குள் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. வீட்டில் வைத்துத் தைக்கிற பெண்கள் நிறையப் பேர் லைனிங்கும் நூலும் எங்களிடம் கணக்கில்தான் எடுக்கிறார்கள். தைத்துக் கொடுத்துக் கூலி வந்ததும் சனிக்கிழமை வந்து அடைப்பார்கள். இந்த வாரம் முடியாது என்றால் வெள்ளிக்கிழமையே போன் செய்து, "அக்கா, ரெண்டு பேர் காசு தரல, அடுத்த வாரம் தரேன்" என்பார்கள். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், "சரி, லைனிங் வேணும்னா வந்து எடுத்துட்டுப் போ" என்பார். அந்த ஒரு போன் வந்துவிட்டால் கடன் கடனாகவே தெரிவதில்லை. பாக்கி இருநூறு ரூபாய் இருக்கிறது என்பதற்காக எங்கள் சந்துப் பக்கமே வராமல் சுற்றிப் போகிற சிலர் இருக்கிறார்கள். இருநூறு ரூபாயும் போய், நல்ல வாடிக்கையாளரும் போய்விடுகிறார். வாருங்கள், அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்லுங்கள், வழக்கம் போல் வாங்கிக்கொண்டு போங்கள்.

லேஸ் ரோலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் ஆன்லைனில் ஆர்டர் போடுவதைப் பற்றி என்ன சொல்வது? ஆன்லைனில் வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒன்பது மீட்டர் ரோலாக வாங்கினால் அங்கே மலிவாகவும் இருக்கும், நான்கூட சில பொருள்களை அப்படி வாங்குகிறேன். ஆனால் அக்காவை ஏணியில் ஏற்றி, பதினைந்து ரோலை இறக்கச் சொல்லி, புடவையோடு வைத்துப் பார்த்து, எந்த அகலம் பொருந்தும் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவது சரியில்லை. அந்த அரை மணி நேர உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டு போகிறீர்கள். கலர் பார்க்கும் வேலையை எங்களிடம் செய்துகொண்டால் அந்தத் துணியை எங்களிடமே வாங்குங்கள், விலை ஒத்துவரவில்லை என்றால் அதைச் சொல்லிப் பேசுங்கள். போட்டோ எடுக்க வேண்டியிருந்தால், "தங்கச்சிக்கு அனுப்பிக் கேட்கணும், எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். அம்மா ரோலைப் பிரித்து நேராகப் பிடித்துக் காட்டுவார்.

அந்த அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது ஐம்பதை நெருங்குகிறது. அவரை "ஏய்", "இந்தாம்மா பொண்ணு" என்று கூப்பிடுகிறவர்களும், விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. அக்கா என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு, ஆள் இல்லாத நேரத்தில், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தபோது உள்ளே வந்த ஒருவர், "உக்காந்துக்கிட்டு இருந்தா வியாபாரம் எப்படி நடக்கும்?" என்றார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்கிறவர்களின் காலைப் பார்த்துத்தான் திருத்தினார்கள். அவர் சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் ஐந்து நிமிஷம் பொறுங்கள், இல்லையென்றால் அம்மாவிடம் கேளுங்கள்.

கையைப் பற்றி ஒரு விஷயம். பஜ்ஜி சாப்பிட்ட கை, கோவிலுக்குப் போய்விட்டு வந்த குங்குமக் கை, இரண்டோடும் சந்தனக் கலர் துணியையும் வெள்ளைத் துணியையும்தான் சரியாக வந்து தொடுவார்கள். குங்கும விரல் பட்ட இடம் போகவே போகாது, அதற்கு இரண்டு பக்கமும் விட்டுவிட்டு வெட்ட வேண்டும், அரை மீட்டர் வீண். மலைக்கோட்டை ஏறி இறங்கி வருகிறவர்கள் அதிகம் என்பதால் அம்மா கல்லா மேல் ஒரு ஈரத்துணியே வைத்திருக்கிறார். கேட்டால் தருவார். மழைக்காலத்தில் குடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தால் போதும், யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

கடைக்காரர் செய்ய வேண்டியதும் இருக்கிறது, அதைச் செய்யாதவரிடம் மரியாதை காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மீட்டர் கோலின் முனையில் அளவைச் சரிபார்த்த அரசு முத்திரை இருக்க வேண்டும், நீங்கள் கேட்டுப் பார்க்கலாம், தப்பே இல்லை. துணியை இழுத்துப் பிடித்து அளக்கிறார் என்று தோன்றினால் "தளர்த்தி அளங்க" என்று சொல்லுங்கள். சாயம் போகுமா என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். துண்டுச் சீட்டிலாவது என்ன வாங்கினீர்கள், எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். வாங்கிப் போன துணியில் ஓட்டை இருந்தால், நடுவில் நூல் விட்டுப் போயிருந்தால், தைப்பதற்கு முன்னால் கொண்டு வாருங்கள், மாற்றித் தர வேண்டியது எங்கள் பொறுப்பு, அம்மா மறுபேச்சு இல்லாமல் மாற்றுவார். லைனிங் சுருங்கிவிட்டது என்ற குறைதான் அடிக்கடி வரும். அதற்காகத்தான் ஒவ்வொருவரிடமும், "தண்ணில நனைச்சு, காய வச்சு, அயர்ன் பண்ணித் தைக்கக் குடுங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். ஃபால்ஸுக்கும் அதேதான். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே இழுத்துக்கொண்டு புடவையின் கீழோரம் சுருண்டுவிடும். டெய்லர் நனைத்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை இருந்தால் கடைக்கு வந்து சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை. யாரோ ஒருவர் மே 5 அன்று வந்து பார்த்துவிட்டு, கடை பூட்டியிருந்தது, நேரம் வீண் என்று எழுதி ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு வணிகர் தினம், தமிழ்நாடு முழுக்கப் பல கடைகளுக்கு லீவு. பெரிய கடைக்கு ஆயிரக்கணக்கில் விமர்சனம் வரும், அதில் ஒன்று கரைந்துவிடும். எங்களுக்கு மொத்தமே கொஞ்சம்தான், அந்த ஒன்று மேலேயே நிற்கிறது. அம்மாவுக்குப் பதில் எழுதத் தெரியாது, நான்தான் எழுதினேன். பலகையில் போன் நம்பர் இருக்கிறது, தூரத்திலிருந்து வருகிறவர்கள் கிளம்பும் முன் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு. நல்ல டெய்லர்கள் பண்டிகைக்கு மூன்று நாலு வாரம் முன்பே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள், அதனால் புரட்டாசியிலேயே ரவிக்கைத் துணி எடுத்துவிடுங்கள். அப்போது கடையில் கூட்டம் இருக்காது, அம்மா வாசலுக்கு இறங்கிப் பொறுமையாகக் கலர் பார்த்துத் தருவார். பகல் வெளிச்சம் இருக்கும்போதே வாருங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மயில் கழுத்துக்கு மேட்ச் பார்க்கவே முடியாது. அப்புறம் பை. 2019-லிருந்து பிளாஸ்டிக் கேரி பேக் கிடையாது, துணிப்பை கொடுத்தால் அதன் விலை லைனிங் லாபத்தை விட அதிகமாகிவிடுகிறது. புடவை கொண்டுவருகிற பையையே கொஞ்சம் பெரிதாகக் கொண்டு வாருங்கள்.